கூப்பிட்டால் வரக் கூடாது

மார்ச் 6

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் மகளும் நலம். பிராணிகள் காப்பகத்தில் மற்றவை எல்லாம் அடிபட்டோ தாயை இழந்தோ வந்தவை. அவற்றின் நலத்தைத் தனித்தனியாக எழுத உறை கொள்ளாது.

மறுபடியும் போனில் கூப்பிடச் சொல்லியிருக்கிறாய். முடியாது. இப்போதெல்லாம் போனில் எல்லோரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எழுதினால் நீ சொன்னது சொன்னபடி இருக்கும், நான் சொன்னதும்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நீர்நாய்க் குட்டியைக் கொண்டுவந்தார்கள். தாய் ஆற்றுப்பாலத்தருகே வண்டியில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. குட்டிக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. பிழிந்து போட்ட துணி மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. எங்களுக்கு மேலதிகாரியாக வந்திருக்கும் டாக்டரம்மா தேறாது என்றார். நான் தேறும் என்றேன். தேறிவிட்டது. இதை இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே உனக்கு எழுதுகிறேன்.

அநாதைக் குட்டிகள் பிரிவுக்கு நான் வைத்த சட்டம் உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்துகொள். உள்ளே போகிறவர் தலையிலிருந்து முழங்கால் வரை சாம்பல்நிற அங்கி போட வேண்டும். முகத்தை மறைத்துத் துணி கட்ட வேண்டும். குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது. தடவிக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சொல் பேசக் கூடாது. பாலோடு மனிதக் குரலையும் சேர்த்துக் கொடுத்தால், மனிதக் குரல்தான் தாய் என்று அது நினைத்துவிடும். அப்புறம் ஆற்றில் விட்டால் வலைக்காரன் குரலுக்கும் ஓடும், தோல் விற்பவன் குரலுக்கும் ஓடும். கூப்பிட்டால் வராத பிராணிதான் பிழைக்கும்.

லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உன் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் பதில் சொல்லாமல் விடுகிறேன். போன மாதம் உதவிக்கு வந்த ஒருவன் முயல்குட்டியைப் பார்த்து "செல்லம்" என்றான். மறுநாள் அவன் வரவில்லை. நான் வர விடவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணாவுக்கு வணக்கம்.

நான் நலம். முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நீர்நாய்க் குட்டி எப்படிக் கிடந்தது, டாக்டரம்மா எப்படித் தோற்றார், எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இந்த வயதில் அதை எதிர்பார்த்தது என் தப்பு.

அவர் போன பிறகு இந்த மாடி வீட்டில் நான் ஒருத்திதான். படியிறங்க ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் சுவர் என்று ஆகிவிட்டது. கீழே இருக்கும் தையல்காரி தினமும் காலையில் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். எதற்கு என்று கேட்டால், "சும்மா, இருக்கீங்களான்னு பார்த்தேன்" என்கிறாள். நான் இருக்கிறேன்.

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அவள் இருப்பது காப்பகத்துக்குள் உங்கள் வீட்டில். வீட்டுக்குரியவர் கூப்பிடாமல் நான் வருவதில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நீர்நாய் விசில் அடிக்கும் என்று எங்கோ படித்தேன். உங்கள் குட்டி அடிக்குமா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிராணிகளுக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தங்கை

ஏப்ரல் 11

தங்கைக்கு.

உன் கடிதம் முழுக்கக் கோபம், ஆனால் கையெழுத்து நேராக இருக்கிறது. ஆகவே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம்.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். தெற்கு அறையில் பழைய கூண்டுகளும் வலைகளும் கிடக்கின்றன.

குட்டி விசில் அடிப்பதில்லை. கத்துவதே இல்லை. நான் உள்ளே போனதும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். நல்ல அறிகுறி. காட்டுப் பிராணி ஆளைப் பார்த்துக் கத்தாது.

தண்ணீரைக் கண்டு பயந்தது. நீர்நாய் பிறக்கும்போதே நீந்தத் தெரிந்து பிறப்பதில்லை, தாய்தான் கழுத்தைக் கவ்வி இழுத்துப்போய்ப் பழக்கும். தாய் இல்லாததால் பிடரியைப் பிடித்து நானே தொட்டியில் விட்டேன். என் கைமேல் ஏறி, தோள்மேல் ஏறி, அங்கியை நனைத்துவிட்டது. பிறகு தொட்டியில் உயிர்மீன் விட்டேன். ஒரு மீன் அதன் மூக்கைத் தட்டிவிட்டு ஓடியதும் அதற்கு ரோஷம் வந்துவிட்டது. துரத்திக்கொண்டு போயிற்று. போன பிறகுதான் தான் தண்ணீரில் இருப்பதே அதற்குத் தெரிந்தது.

உன் மகள் வரவர முணுமுணுக்கிறாள். எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. "வாயைத் திறந்து பேசு" என்றால் ஒரு மாதிரி பார்க்கிறாள். பெண்ணை அப்படி வளர்த்திருக்கிறாய்.

மாத்திரையை விடாதே.

அண்ணன்

மே 28

தங்கைக்கு.

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

குட்டியை ஆற்றில் விடலாமா என்று டாக்டரம்மா சோதனை வைத்தார். முதலில் காப்பக வண்டி ஓட்டுநரை வேலிக்கு வெளியே சும்மா நிற்க வைத்தார். குட்டி அவரைப் பார்த்ததும் கல்லிடுக்கில் ஒளிந்தது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன், எப்படி என்பது போல. அடுத்து டாக்டரம்மாவே நின்று பேசினார். குட்டி தலையை வெளியே நீட்டியது. பிறகு ஓட்டுநரிடம், "நீங்க ஏதாவது பேசுங்க" என்றார். அவர், "என்னத்தப் பேசுறது, வண்டிக்கு டீசல் போடணும்" என்றார். குட்டி ஓடி வந்து வேலியில் இரண்டு கைகளையும் வைத்து நின்றுகொண்டது.

ஆளுக்குப் பயப்படுகிறது. குரலுக்கு ஓடி வருகிறது. அப்படியென்றால் யாரோ உள்ளே பேசியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து இன்னொரு சோதனை. அதிலும் இப்படி வந்தால் அதற்கு ஆறு கிடையாது. வேடிக்கை பார்க்கிறவர்கள் விரலால் தட்டும் கண்ணாடித் தொட்டிதான், சாகும்வரை.

உள்ளே போகிறவர்கள் இரண்டு பேர். நான் ஒன்று, உன் மகள் ஒன்று. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் பேசினேன், மாமா" என்றாள். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னாள். அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் யோசிக்கிறார். நான் பரிந்து பேசவில்லை. தங்கை மகள் என்பதற்காகச் சட்டத்தை வளைக்க மாட்டேன். இப்போதைக்குக் கூண்டு கழுவுகிறாள்.

உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

அண்ணன்

ஜூன் 4

அம்மா,

எப்படி இருக்கிறாய்? முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

மாமா எழுதியிருப்பார். நீ என்மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நான் பேசவில்லை. பேசுவது மாமா.

அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு காலம் அந்தப் பட்டறைச் சத்தத்தில் நின்றவர். ஒத்துக்கொள்ள மாட்டார், எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்பார். குட்டியிடம் போனால் வாய் ஓயாமல் பேசுகிறார். மெதுவான குரல்தான், அது அவருக்கே கேட்பதில்லை. மனதுக்குள் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குட்டி அவரைப் பார்த்து விடாமல் விசில் அடிக்கிறது. அதுவும் அவருக்குக் கேட்பதில்லை.

என்ன பேசுகிறார் என்று கேட்காதே. பாதி உன்னைப் பற்றி. குட்டிக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார், அம்மா. அதை நான் சொல்ல மாட்டேன்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தால் டாக்டரம்மா அவரைக் காப்பகத்தைவிட்டே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நட்ட வேலி, அவர் கட்டிய தொட்டி, இதைவிட்டால் அவருக்கு எது இருக்கிறது? குட்டி ஆளைக் கண்டு ஒளிகிறதே, அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். மாமாவுக்கு நீ இதைச் சொல்லக் கூடாது. என் தலைமேல் சத்தியம்.

உன் மகள்

ஜூன் 12

அண்ணாவுக்கு வணக்கம். நான் நலமாக இல்லை, உங்களால்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். டாக்டரம்மா பேசினால் தலையை நீட்டிய குட்டி, ஓட்டுநர் பேசினால் ஓடி வருகிறது. ஓட்டுநர் குரல் ஆண் குரல். என் மகளுக்கு எப்போது மீசை முளைத்தது?

அவள் பேசவில்லை. யார் என்று நான் எழுத முடியாது, அவள் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உங்கள் சட்டம் உங்களுக்கு எப்படியோ அப்படி எனக்கு இது.

ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் கூண்டில் குரலும் பதிகிற கேமரா ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அதுவரை என் பெண்ணைக் கழுவுகிற வேலையில் வைத்திருங்கள், பரவாயில்லை. அவள் கழுவிய கூண்டு சுத்தமாக இருக்கும்.

இன்னொன்று. ஒரு காது டாக்டரைப் பாருங்கள்.

தங்கை

ஜூன் 25

தங்கைக்கு.

ஓடுகிற எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொன்னவன் நான். வேறு ஊர்களிலிருந்து வண்டியை என்னிடம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். என் காதுக்கு டாக்டரா?

கேமராவுக்குச் சொல்லிவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. உன் மகள்தான் என்று நிரூபிப்பதற்காக. அவள் இப்போதும் என் உத்தரவு இல்லாமல் இரண்டு தடவை உள்ளே போனதாகக் கேள்வி.

இங்கே நலம்.

அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு வணக்கம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மகளைப் போனில் கேட்டால், "மாமா நல்லா இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். திட்டியாவது எழுதுங்கள்.

படியில் ஒரு நாள் சறுக்கிவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தையல்காரி இப்போது காலையும் மாலையும் தட்டுகிறாள்.

தங்கை

ஆகஸ்ட் 14

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ சறுக்கியதை மகளிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாய். நான் சொல்லிவிட்டேன்.

கேமராவில் பதிந்ததை டாக்டரம்மா தன் அறையில் போட்டுக் காட்டினார். அவர், நான், உன் மகள், மூவர்தான். திரையில் நான் மீன் வாளியோடு உள்ளே போகிறேன். "சத்தத்தக் கூட்டுங்க" என்றேன். கூட்டியாயிற்று என்று கையால் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா சன்னலைப் பார்த்தார், உன் மகள் தரையைப் பார்த்தாள். கேட்கிற விஷயம் ஏதோ அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

கண்ணில் எனக்குக் கோளாறு இல்லை. திரையில் என் முகத்துணி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மூச்சுக்குத் துணி அப்படி ஆடாது. பட்டறையில் எத்தனை வருடம் வாயில் துணி கட்டிக்கொண்டு வர்ணம் அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியும். குட்டி மீனைத் தொடவில்லை. அந்தத் துணியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றேன்?" என்று கேட்டேன். டாக்டரம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மரியாதை அவருக்குத் தெரிந்திருக்கிறது, இதை ஒத்துக்கொள்கிறேன். உன் மகள் என் காதருகே வந்து உரக்கச் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

சட்டம் எனக்கும்தான். ஒரு சொல்லுக்காக ஒருவனை வெளியே அனுப்பினேன், நான் பேசியதை எண்ண முடியாது. அன்றைக்கே அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். "காதுக்கு மெஷின் வெச்சுக்கிட்டுத் திரும்பவும் உள்ளே வாங்க" என்றார் டாக்டரம்மா. மாட்டேன் என்றேன். இப்போது ஆமைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நான் சொல்வதை ஆமைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. டாக்டரம்மாவோடு இருந்து எனக்கு இது பழகிவிட்டது.

பொறியில் மாட்டி முன்கால் நசுங்கிய ஒரு பெரிய பெண் நீர்நாய் வந்திருக்கிறது. அதற்குப் புண் ஆறியதும் குட்டியை அதனோடு விடுவதாக ஏற்பாடு. கடிக்கலாம், ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் ஒரு வழி உண்டு.

பொய் சொன்னதற்காக உன் மகளை நான் மன்னிக்கவில்லை. அநாதைகள் பிரிவை இனி அவள்தான் பார்க்கிறாள்.

படியில் இறங்காதே. வேண்டியதைத் தையல்காரியை வாங்கித் தரச் சொல்.

அண்ணன்

செப்டம்பர் 2

அண்ணாவுக்கு வணக்கம்.

படியில் இறங்குவதில்லை. கால் தேவலை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தையல்காரி வந்து தட்டியதுகூடத் தெரியவில்லை. பயந்துபோய்ச் சத்தம் போட்டாள். உங்களைப் போல எனக்கும் காது போய்விட்டதோ என்று நினைத்திருப்பாள்.

குட்டியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க மாட்டேன். என்னிடம் எழுதாததை ஒரு நீர்நாயிடம் சொல்லியிருக்கிறீர்கள், அது மட்டும் தெரிகிறது. எனக்கு அதன்மேல் பொறாமையாக இருக்கிறது. அதற்கு ஆறு கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். ஆமைகளுக்காக இல்லை. என் பெண் தினமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறாள்.

தங்கை

டிசம்பர் 9

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம். காதில் மெஷின் வைத்திருக்கிறேன். உலகத்தில் இவ்வளவு தேவையில்லாத சத்தம் இருப்பது மறந்தே போயிருந்தது. உன் மகள் முணுமுணுக்கவில்லை என்பது தெரிந்தது. டாக்டரம்மா முணுமுணுக்கிறார்.

பெரிய நீர்நாய் குட்டியை முதலில் கடித்தது, பிறகு ஏற்றுக்கொண்டது. மழைக்காலம் முழுக்க அவை ஆற்றங்கரை அடைப்பில் ஒன்றாக இருந்தன. மனிதக் குரல் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகாமல் உன் மகள் பார்த்துக்கொண்டாள். என்னைவிடக் கண்டிப்பு. வேலிக்கு வெளியே தும்மினதற்காக ஓட்டுநரை விரட்டினாள்.

நேற்று சோதனை. டாக்டரம்மா பேசினார், ஓட்டுநர் பேசினார், இரண்டுக்கும் குட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "அதுக்குத் தெரிஞ்ச குரல் உங்க குரல்தான். நீங்க கூப்பிட்டு அது வராம இருந்தாத்தான் கதவைத் திறப்பேன்" என்றார்.

"நல்லாக் கூப்பிடணும், மாமா" என்றாள் உன் மகள். "பேருக்குக் கூப்பிட்டா அது சோதனை இல்லை."

நான் என்றைக்கு எதைப் பேருக்குச் செய்தேன்?

அவர்களைத் தள்ளிப் போகச் சொன்னேன். வேலி ஓரமாகப் போய் நின்று பழையபடி பேசினேன். முன்பு தெரியாமல் பேசியதைத் தெரிந்தே பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் விடவில்லை. வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டேன். மாடிவீட்டில் ஒருத்தியாகக் கிடக்கிறாளே, வந்து தொலைக்கக் கூடாதா, நான் கூப்பிட்டுத்தான் வர வேண்டுமா, கூப்பிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.

குட்டி தண்ணீருக்கு வெளியே வந்தது. பின்னங்கால்களில் எழுந்து நின்று என் பக்கம் பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன். நிறுத்திவிடலாம் போலிருந்தது, நிறுத்தவில்லை.

அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். பட்டறையில் காற்றுக்குழாய் கசிகிற மாதிரி, மெல்லிசாக, கூர்மையாக. பெரியது கூப்பிடுகிறது. குட்டி திரும்பி அதே மாதிரி பதில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்து போயிற்று. மறுபடி திரும்பவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தேன், சோதனை சரியாக நடக்க வேண்டும் என்பதற்காக.

இத்தனை மாதமும் அது என்னைப் பார்த்து இப்படித்தான் கத்தியிருக்கிறது. கத்துவதே இல்லை என்று உனக்கு எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு.

இன்று காலை அடைப்பின் ஆற்றுப்பக்கக் கதவைத் திறந்தார்கள். நான் போகவில்லை, ஆமைகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் போய்விட்டன என்று உன் மகள் வந்து சொன்னாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள், கேட்டது.

குட்டிக்கு வைத்த பெயர் உருளை. நீ சின்ன வயதில் குண்டாக உருண்டுகொண்டு திரிந்தபோது நான் உன்னைக் கூப்பிட்டது. வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

தெற்கு அறையிலிருந்த கூண்டுகளைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். வர்ணம் அடித்தாயிற்று. கட்டில் சன்னலோரம். வாசலில் ஒரே ஒரு படி இருந்தது, அதையும் இடித்துச் சரிவாக்கிவிட்டேன்.

வா என்று எழுதுகிறேன். வரவில்லை என்றாலும் எழுது.

அண்ணன்

டிசம்பர் 17

அண்ணாவுக்கு வணக்கம்.

நான் நலம். தையல்காரி அழுகிறாள், துணிகளை அவள்தான் மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். சனிக்கிழமை மதிய வண்டியில் வருகிறேன். ஓட்டுநரை நிலையத்துக்கு அனுப்புங்கள், நீங்கள் அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும். வந்து இறங்கியதும் டாக்டரம்மா முன்னால் என்னை உருளை என்று கூப்பிட்டால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். வீட்டுக்குள் கூப்பிடலாம்.

தங்கை